மழையிலும் பொறி கொட்டும் கல்

காட்டில் கூடாரம் அடித்திருக்கிறார்கள். பிற்பகலில் மழை கொட்டித் தீர்த்து விட்டது. உடுத்திய துணி நனைந்து விட்டது. குளிர் வாட்டுகிறது. பையில் இருந்த தீப்பெட்டியும் நனைந்து, குச்சி மருந்து கரைந்து விட்டது. இனி அடுப்பை எப்படி மூட்டுவது?

விவரம் தெரிந்தவர் பதற மாட்டார். கயிற்றில் கோத்து வைத்திருக்கும் ஒரு கறுப்புக் குச்சியை எடுப்பார். விரல் நீளம்தான் இருக்கும். அதன் ஈரத்தைத் துடைப்பார். கத்தியின் முதுகால் ஓர் இழுப்பு இழுப்பார். மத்தாப்பு போலப் பொறி கொட்டும்!

அந்தக் குச்சி எதிலிருந்து வந்தது தெரியுமா? வேண்டாம் என்று ஒதுக்கிய கழிவிலிருந்து! அதைக் கண்டுபிடித்தவர், ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக்.

அச்சகத் தலைவரின் மகன்

கார்ல், 1858-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தை அலாய்ஸ் ஔவர், அரசாங்க அச்சகத்தின் தலைவர். "வெல்ஸ்பாக்" என்பது தந்தைக்குக் கிடைத்த பட்டப் பெயர். கார்லுக்குப் பத்து வயது இருக்கும்போதே தந்தை இறந்து விட்டார்.

வாலிபரானதும் ஜெர்மனியில் உள்ள ஹைடல்பர்க் நகருக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், உலகப் புகழ் பெற்ற ராபர்ட் பன்சன். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எளிதில் பிரியாத சில அபூர்வ உலோகங்கள் உண்டு. அவற்றைப் பிரிக்கும் வேலையில் கார்ல் இறங்கினார். கரைப்பார், உறைய வைப்பார், மறுபடியும் கரைப்பார். பொறுமை இல்லாதவனுக்கு அந்த வேலை ஆகாது. ஒரே உலோகம் என்று எல்லோரும் நம்பிய "டிடிமியம்" உண்மையில் இரண்டு உலோகங்கள் என்று 1885-ம் ஆண்டில் காட்டினார்.

மூடிய தொழிற்சாலை

இந்த உலோக உப்புகளில் நனைத்த பருத்தி வலையை அவர் தீயில் பிடித்துப் பார்த்தார். நூல் எரிந்து போயிற்று. ஆனால் மிஞ்சிய சாம்பல் வலை பளிச்சென்று ஒளி வீசியது. காஸ் விளக்கின் "மேண்டில்" பிறந்தது இப்படித்தான். 1887-ல் வியன்னா அருகே தொழிற்சாலை தொடங்கியது.

ஆனால் வெளிச்சம் பச்சையாக அடித்தது. வலையும் தொட்டால் பொடிந்தது. வாங்குவார் இல்லை. 1889-ல் தொழிற்சாலையை மூடி விட்டார்கள்.

வெல்ஸ்பாக் ஓயவில்லை. கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1891-ல் 99 பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் (இரண்டின் ஆக்சைடுகள்) சேர்த்தபோது, வெள்ளை வெளேர் என்று ஒளி வந்தது. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் அந்த விளக்கு எரிந்தது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் இந்த வழி வந்ததுதான்.

மலையாய்க் குவிந்த கழிவு

தோரியம் "மோனசைட்" என்ற மணலில் கிடைக்கிறது. முதலில் பிரேசில் நாட்டு மணல் ஐரோப்பாவுக்குப் போனது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் வழியே நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைக் கண்டுபிடித்தார்!

அந்த மணலில் தோரியம் சிறு பங்குதான். மீதியில் பெரும் பகுதி சீரியமும் அதன் கூட்டாளிகளும். மேண்டில் பெருகப் பெருகக் கழிவும் குவிந்தது. இதை என்ன செய்வது என்று வெல்ஸ்பாக் யோசித்தார். சீரியத்தைச் சுரண்டினால் பொறி வரும். ஆனால் அது மென்மையான உலோகம். அதனுடன் இரும்பைச் சேர்த்தார். சுமார் 70 பங்கு சீரியம், 30 பங்கு இரும்பு. கலவை கெட்டியாயிற்று. பொறியும் அதிகமாயிற்று. 1903-ல் காப்புரிமை பெற்றார். 1907-ல் டிரைபாக் என்ற ஊரில் தொழிற்சாலை அமைத்தார். பெட்டிக்கடை லைட்டரில், சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சின்னக் கல் இதுதான்!

பழைய சக்கிமுக்கிக் கல், எஃகைச் சுரண்டிப் பொறி உண்டாக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். எஃகு, குச்சியைச் சுரண்டுகிறது. உதிரும் தூள், உராய்ந்த சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்கிறது. அந்தப் பொறியின் வெப்பம், இரும்பு உருகும் வெப்பத்தை விட அதிகம்.

காட்டுக்குப் போகிறவருக்குத் தீக்குச்சியே சுலபம். ஆனால் ஈரம் ஆகாது. லைட்டரில் காஸ் தீர்ந்து போகும். கடுங்குளிரில் சரியாகப் பற்றாது. கறுப்புக் குச்சி பல்லாயிரம் முறை பொறி தரும். ஆனால் அது பொறிதான், சுடர் அல்ல. உலர்ந்த பஞ்சோ, கையால் தேய்த்து மென்மையாக்கிய தேங்காய் நாரோ இல்லாவிட்டால் வெறும் வேடிக்கைதான்! புதுக் குச்சியின் மேல்பூச்சை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு கத்தியை அசைக்காமல் பிடித்து, குச்சியைப் பின்னால் இழுக்க வேண்டும். கத்தியை வீசினால் பஞ்சு சிதறிப் போகும். இதை வீட்டு முற்றத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. இறுக மூடும் டப்பியில் தீப்பெட்டி ஒன்றும் இருக்கட்டும். ஒன்றையே நம்பிப் போகிறவர் புத்திசாலி அல்ல.

கை நழுவிய பெருமை

வெல்ஸ்பாக்குக்கு ஒரு மனக்குறையும் உண்டு. "இட்டெர்பியம்" என்ற உலோகத்துக்குள் இரண்டு உலோகங்கள் இருப்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். ஆனால் பிரான்சு நாட்டு உர்பேன் 1907-ல் அதே முடிவை வெளியிட்டு விட்டார். யார் முந்தியவர் என்று சண்டை மூண்டது. பெருமை உர்பேனுக்குப் போயிற்று.

வெல்ஸ்பாக் 1929-ம் ஆண்டு ஆகஸ்ட் 4-ந் தேதி, கரிந்தியா மாநிலத்தில் தம் மாளிகையில் காலமானார். 1956-ல் ஆஸ்திரியா வெளியிட்ட 20 ஷில்லிங் நோட்டில் அவருடைய படம் இடம் பெற்றது.