மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மலைக்கோட்டையையும் திருவரங்கத்துக் கோபுரங்களையும் நாடோறும் கண்டு கல்வி பயிலும் நாம், இந்நகரத்து நியாயஸ்தலத்தில் சிறு உத்தியோகத்தில் அமர்ந்து, பின்னர்த் தமிழுலகெங்கும் புகழ் பரப்பிய பெரியார் ஒருவரை மறத்தலாகாது. அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

அன்னார் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பமொன்றில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. நியாயஸ்தலத்து மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, அந்நியாயஸ்தலத்திலேயே பத்திரங்களைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். குடியானவன் தமிழில் முறையிட, நீதிபதி ஆங்கிலத்தில் தீர்ப்புரைக்க, இருவருக்கும் இடையே நின்ற அவ்வேலையே அன்னாருடைய பிற்கால நோக்கத்திற்கு வித்தாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை விலைக்கு வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். கைக்கூலி மலிந்திருந்த அக்காலத்தில் அதனை வெறுத்ததோடமையாது, 1859-இல் வெளியிட்ட நீதிநூலில் அதனைக் கண்டித்தும் பாடினார். சதர் கோர்ட்டாரின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே கிடந்தமையால் அம்மொழி அறியாதார் இடர்ப்படுதலைக் கண்டு, 1805 முதல் 1861 வரையுள்ள தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். வழக்காடுவோனுக்கு விளங்காத மொழியில் நடக்கும் நியாயம் அவனுக்கு நியாயமாகத் தோன்றாது என்பது அன்னார் துணிபு.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அன்னாரின் ஆருயிர் நண்பர். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் சைவர். மகாவித்துவான் நண்பர் மீது குளத்தூர்க் கோவை பாடினார். அன்னாரோ எச்சமயத்தாரும் பாடுதற்கேற்ற சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். சமயம் நட்பிற்குத் தடையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1872-இல் உத்தியோகத்தினின்றும் நீங்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு ஏழைகளுக்கு உணவளித்தார். அதனைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அன்னாரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். மாயூரம் நகரசபைத் தலைமையையும் அன்னார் ஏற்றார். பெண்கள் கல்வி பெறவேண்டுமென வற்புறுத்திப் பெண்மதி மாலை எழுதினார்.

1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழில் தோன்றிய முதல் நாவலாகப் போற்றப்படுவது. நகைச்சுவை ததும்பும் அக்கதையினூடேயும், நியாயஸ்தலங்களில் தமிழே வழங்கவேண்டும் என்று அன்னார் வாதிடுகின்றார். 1887-இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாவது நாவலையும் அளித்து, 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் மண்ணுலகு நீத்தார்.

மாணவ நண்பர்களே! அன்னார் பெற்ற ஆங்கிலக் கல்வி அவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. அம்மக்களுக்குத் துணையாக நிற்கும் ஆற்றலையே அளித்தது. நாம் கற்கும் கல்வி நம்மை எங்கே நிறுத்தப் போகின்றது? இவ்வினாவை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.