மூளைக்கு கரண்ட் கொடுத்தால் ராமானுஜன் ஆகலாமா? கும்பகோணத்து சிலேட்டில் இருக்கிறது பதில்!

கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறோம், மூளையைத் தூண்டி குழந்தையை மேதை ஆக்குகிறோம் என்று ஊருக்கு ஊர் விளம்பரங்கள். அதில் பலவற்றில் உதாரணமாக வந்து நிற்பவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். உண்மையில் அவர் மூளைக்கு என்னதான் நடந்தது?

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், பாட்டி வீட்டில். வளர்ந்ததெல்லாம் அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்து கும்பகோணம், சாரங்கபாணி சன்னதி தெரு. அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். இரண்டு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தார். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே π, √2 ஆகியவற்றின் இலக்கங்களை நண்பர்களிடம் கடகடவென ஒப்பிப்பாராம்.

இதைக் கேட்டதும் பலருக்கு 'சாவன்ட்' என்ற வார்த்தை நினைவுக்கு வரும். ஆட்டிசமோ மூளை பாதிப்போ உள்ள சிலரிடம் ஏதாவது ஒரு திறமை மட்டும் மலைக்க வைக்கும் அளவுக்கு இருக்கும். அவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'ரெயின் மேன்' படத்துக்குத் தூண்டுகோலாக இருந்த அமெரிக்கர் கிம் பீக் ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனதில் வைத்திருந்தார். ஆனா ராமானுஜன் கதை வேற.

திருப்பிப் போட்ட புத்தகம்

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணிதம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், 13 வயதுக்குள் லோனியின் திரிகோணமிதியை முடித்துவிட்டார். 1903-ல் கார் என்பவர் தொகுத்த புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. சுமார் 5,000 தேற்றங்கள், நிரூபணம் பெரிதாக இல்லை. ஒவ்வொன்றையும் அவரே நிரூபிக்க உட்கார்ந்தார். இது ஒருநாள் இரண்டுநாள் வேலை இல்லை, வருடக்கணக்கில் நடந்தது.

விலையும் கொடுத்தார். கணிதத்தைத் தவிர வேறு எதையும் தொடாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோல்விதான். பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் ஜானகியுடன் திருமணமும் ஆனது.

பேப்பர் வாங்க வசதி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மடியில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போடுவார், முழங்கையாலேயே அழிப்பார். கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 3,900 முடிவுகள். வழி முழுக்க அழிந்து விடை மட்டும் மிஞ்சியதால்தான், இதெல்லாம் எங்கிருந்தோ தானாக வந்து விழுந்தது போலத் தெரிகிறது. நாமக்கல் நாமகிரித் தாயார் அருள் என்று அவரே நம்பினார், அது அவர் பக்தி. அழிந்த சிலேட்டையும் கணக்கில் எடுக்கணும் இல்லையா?

தப்பும் செய்திருக்கிறார். பகா எண்களை எண்ணுவதற்கு அவர் கொடுத்த சூத்திரம் சரியில்லை என்று ஹார்டி பிறகு காட்டினார். டாக்சி எண் 1729 கதை எல்லோருக்கும் தெரியும். இரு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது: 9³ + 10³, 12³ + 1³. ஆஸ்பத்திரி படுக்கையில் அந்த நொடி உதித்தது என்பார்கள். ஆனால் அவர் எழுதி வைத்த தாள்களிலும் இதே எண் வருகிறது. ஏற்கெனவே பழகிய எண் அது.

சரி, கரண்ட் என்ன செய்யும்?

சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்னைடர், மூளையின் இடதுபக்கத்தில் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தினால் சாவன்ட் திறமை எட்டிப் பார்க்குமா என்று சோதித்தார். காந்தத் துடிப்பு கொடுத்தபோது சிலருக்குப் படம் வரையும் பாணி மாறியது. 2012-ல் மெல்லிய மின்சாரம் கொடுத்த சோதனையில், யாருக்கும் வராத ஒன்பது புள்ளிப் புதிரை 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விடுவித்தனர். சின்ன சோதனைகள், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. காந்தத் துடிப்புக்கு மனச்சோர்வு சிகிச்சையாக அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. மேதையாக்க அல்ல.

ராமானுஜனைத் தூக்கிவிட்டது மனிதர்கள். கணிதச் சங்கம் தொடங்கிய வி.ராமசாமி ஐயர், மாதம் 25 ரூபாய் கொடுத்த கலெக்டர் ராமச்சந்திர ராவ், 1912-ல் 30 ரூபாய் சம்பளம் தந்த சென்னை துறைமுகம், 1913 ஜனவரியில் போட்ட கடிதத்தைக் குப்பையில் போடாத கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி. 1914-ல் கப்பலேறியவர் 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். போர்க்காலம், சைவ உணவுக்குத் திண்டாட்டம், நோய். 1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

படுத்த படுக்கையிலும் எழுதிய தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. அவற்றுக்கு நிரூபணம் எழுதி ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்டும் போட்ட ஐந்து தொகுதிகளில் கடைசி ஒன்று வெளிவந்தது 2018-ல்.