பேக்கலைட்டின் தந்தை லியோ பேக்லண்ட்

பழைய வீடுகளின் சுவரில் கறுத்த, உருண்டையான மின்விசைக் குமிழ்களை நாம் கண்டிருக்கிறோம். தாத்தா காலத்துக் கறுப்புத் தொலைபேசியும், நம் அன்னையர் பிடிக்கும் குக்கரின் கைப்பிடியும் அதே இனத்தைச் சேர்ந்தவைதாம். சுட்டாலும் இளகாத அப்பொருளின் பெயர் பேக்கலைட். அதை உலகுக்கு அளித்தவர் லியோ ஹென்ட்ரிக் பேக்லண்ட் என்னும் வேதியியல் மேதை.

அவர் 1863ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி; தாய் பிறர் இல்லங்களில் பணிபுரிந்தவர். மகனும் தன் தொழிலையே கற்கட்டும் என்று தந்தை எண்ணினார். தாயோ அவன் படித்தே ஆகவேண்டும் என்று உறுதியாக நின்றார். அந்த ஏழைத் தாயின் உறுதி வீண்போகவில்லை. நகராட்சியின் உதவித்தொகையுடன் பல்கலைக்கழகம் சென்ற மகன், 21ஆம் வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் தம் பேராசிரியரின் மகள் செலினை மணந்து, அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்றார்.

அங்கே பல முயற்சிகளில் ஒரே வேளையில் கைவைத்தார்; ஒன்றும் கைகூடவில்லை. கடும் நோயும் கடன் தொல்லையும் சேர்ந்து வாட்டின. படுக்கையில் கிடந்தபோதுதான், பலவற்றை விடுத்து ஒன்றில் மட்டும் மனத்தைச் செலுத்துவதென்று முடிவு செய்தார். அதன் பயனே விளக்கொளியில் படம் அச்சிட உதவிய 'வெலாக்ஸ்' என்னும் புகைப்படத் தாள். 1899இல் அதன் உரிமையை ஈஸ்ட்மன் பெரும் தொகைக்கு வாங்கினார். ஓய்ந்திருக்க வசதி இருந்தும் அவர் ஓயவில்லை. யாங்கர்ஸ் நகரில் தம் இல்லத்தருகே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அந்நாளில் மின்கம்பிகளுக்குக் காப்பாக அரக்கு பயன்பட்டது. நம் இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் தரும் அந்த அரக்கு தேவைக்குப் போதவில்லை. அதற்கு மாற்றுத் தேடியே பேக்லண்ட் பீனாலையும் பார்மால்டிஹைடையும் எடுத்தார். 1872லேயே ஜெர்மானிய அறிஞர் பேயர் இவ்விரண்டையும் சேர்த்துப் பிசின் ஒன்றைக் கண்டிருந்தார். ஆனால் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு எதிலும் கரையாத அதனை எவரும் விரும்பவில்லை.

பிறர் வெறுத்த அக்குணத்தையே பேக்லண்ட் பொறுமையுடன் ஆராய்ந்து, பிசினுக்கு மூன்று பருவங்கள் உண்டெனக் கண்டார். முதற் பருவத்தில் அது நீர்மமாகவும் இருக்கும், ஆல்கஹாலில் கரையும். இரண்டாம் பருவத்தில் சூட்டில் இளகும். கரைப்பானில் ஊறி உப்பும், ஆனால் கரையாது. மூன்றாம் பருவத்தில் இளகவும் இளகாது, கரையவும் கரையாது.

இதில் வியப்பு என்னவெனில், முதற் பருவக் கரைசலைக் குப்பியில் சும்மா வைத்தாலும் அது சும்மா இருப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வளர்ந்து, கூழ்மத் துகள்களின் அளவை எட்டுகின்றன. கரைசல் நாளுக்கு நாள் தடித்து, ஒருநாள் தயிர்போல் உறைந்துவிடுகிறது. வெப்பம் இம்முதுமையை விரைவாக்கும், குளிர் தாமதப்படுத்தும். எனினும் தயிர் மீண்டும் பாலாவதில்லை அல்லவா?

சூடேற்றும்போது பிசினில் நீராவியும் வாயுக்களும் கிளம்பி, அதைப் பொத்தலாக்கின. 1907இல் மூடிய கலத்தில் வெப்பத்துடன் அழுத்தத்தையும் செலுத்தி அவர் அதை வென்றார். 1909இல் தம் கண்டுபிடிப்பை அமெரிக்க வேதியியலார் முன் அறிவித்தார். 1910இல் நிறுவனம் தொடங்கினார். 1939இல் அதை விற்றார். 1944 பிப்ரவரி 23ஆம் நாள் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த பிளாஸ்டிக் யுகம் நமக்கு நன்மையோடு தீராத குப்பையையும் தந்துள்ளது. பார்மால்டிஹைடு ஆவி புற்றுநோய் விளைவிக்கும் என்பதையும் இன்று அறிவோம். பேக்லண்ட் விட்டுச்சென்ற பணியில் ஒரு பாதி, அத்தீங்கைக் களையும் பணி, நம் தலைமுறைக்கு உரியது.

தோழியரே, நாமும் இன்று முதற் பருவத்துப் பிசினைப் போன்றவர்களே. எந்த அச்சில் வார்த்தாலும் அவ்வடிவம் பெறுவோம். இறுகிய பின் மாற்றுவது அரிது. ஆகவே இளகியிருக்கும் இந்நாளிலேயே நல்ல அச்சைத் தேர்ந்துகொள்வோமாக!