மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களில் தேவரடியார் பலர் பெயர்கள் காணப்படும். அவர்கள் ஏற்றிய விளக்கும் ஈந்த பொன்னும் கல்லிலே பொறிக்கப்பட்டுள. பெரிய காஞ்சிபுரத்திற் பயிலும் நமக்கு இது புதுச் செய்தியன்று. ஆயின், பிற்காலத்தே ஒரு சிறுமி அந்நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்பதைக் கல் கூறாது. அதனைக் கூறுவது இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1883ஆம் ஆண்டில் திருவாரூர்ப் பகுதியிற் பிறந்தனர். வறுமை பொறாது தந்தையார் வீட்டை விட்டு அகன்றார். தாயாரோ பத்து ரூபாயும் ஒரு பழம்புடைவையும் பெற்றுக்கொண்டு, மகளைத் தாசி ஒருத்தியிடம் ஒப்புவித்துச் சென்றார். பெற்றோர் இருவரையும் ஒருங்கே இழந்த அக்குழந்தை அவ்வீட்டில் ஆடலும் பாடலும் கற்றது. அக்கல்வி எதன்பொருட்டு என்பது பருவமெய்திய பின்னரே விளங்கிற்று. செல்வமுடைய முதியவர் ஒருவருக்கு அவரை அளிக்க வளர்ப்புத்தாய் முற்பட்டாள். கோலெடுத்து அடிப்பது மட்டுமோ கொடுமை? உண்ண அளித்த சோற்றுக்கு உடலையே விலையாகக் கேட்பதும் கொடுமையன்றோ! அம்மையார் அதற்கு இசைந்திலர். தமக்கு இசை பயிற்றிய சுயம்பு பிள்ளையையே மணந்து, மாயூரத்தை அடுத்த மூவலூரில் இல்லறம் நடத்தினர்.

தம் துன்பம் தீர்ந்ததென்று அவர் அமைந்திருக்கலாம், அமைந்திலர். தாம் விட்டு வந்த வீடுகளை நோக்கியே மீண்டும் நடந்தனர். தாசியரை நேரிற் கண்டு, பெண்மக்களுக்குப் பொட்டுக் கட்டாது மணம் செய்விக்குமாறு வேண்டினர். முதலிற் காங்கிரசில் உழைத்தனர். 1925 நவம்பரில் நம் காஞ்சியிற் கூடிய மாநாட்டினின்று பெரியார் ஈ. வெ. இராமசாமி வெளியேறிய வரலாறு யாவரும் அறிந்ததே. அம்மையாரும் பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்தனர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையுடன், ஐம்பத்தைந்து வயதில், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்தனர்.

1936இல் அவர் எழுதிய நாவல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்பது. அந்நூலிற் சில தாய்மார் மிகக் கொடியராய்க் காட்டப்படுகின்றனர். நடுநின்று நோக்குவார்க்கு இது மிகையெனத் தோன்றலாம். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று. எனினும், பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட குழந்தை ஐம்பது வயது கடந்தும் அவரைவிட்டு நீங்கவில்லை என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றார். வெளியில் அம்மையார் அவருக்குத் துணை நின்றனர். அம்முயற்சியைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைச்செல்வியர் எதிர்த்தனர் என்பதையும் மறைத்தல் தகாது. தம் கலையும் உடைமையும் இழிவுபடுமே என்று அவர்கள் அஞ்சினர், அவ்வச்சம் பொய்யுமன்று. ஆயினும், கேளாமலே கொடுக்கப்படும் சிறுமியின் பக்கம் பேச வல்லவர் அத்துன்பத்தைப் பட்டவரே. சட்டம் 1947இல் நிறைவேறிற்று.

1949இல் காஞ்சி தந்த அண்ணாதுரை தி. மு. கழகம் கண்டபோது அம்மையார் அவருடன் சென்றனர். 1962 ஜூன் 27இல் உயிர் நீத்தனர்.

1989இல் தமிழக அரசினர் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். உதவி பெறுதற்குப் பெண் பள்ளியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்பது விதி. 2022இல் அது உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கினர். நம்முடன் பயில்வாருள்ளும் அதனைப் பெற்றோர் உளர். அதனைப் புதுமைப் பெண் திட்டம் என்றே அழைக்கின்றனர்; அம்மையார் பெயரைச் சொல்வோர் சிலரே. அது கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.