தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். 2021 நவம்பரில் எங்கள் மாவட்டமெங்கும் அடைமழை கொட்டியது. சந்தில் வெள்ளம் ஓடிய நாட்களில் எங்கள் லைனில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நீர் வடிந்து, வெயில் எறித்து, எல்லாரும் மூச்சுவிட்ட பின்னர், மூன்றாவது வாரத்தில் தங்கை படுத்தாள். டெங்கு என்றார்கள். ஆயா மழையைத் திட்டினாள். கொல்லையில் மூடியில்லாத டிரம் நிறைந்து நின்றது. நாள்தோறும் அதில்தான் நான் முகம் கழுவினேன். உள்ளே நெளிந்தவற்றைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

ரொனால்டு ராஸின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த டிரம் நினைவுக்கு வந்தது.

ராஸ் 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். கவிதையில் நாட்டம் கொண்ட அவர், படை அதிகாரியான தந்தையின் விருப்பத்திற்காக மருத்துவம் பயின்று, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1883-இல் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்திற்கு வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். பெங்களூரில் தம் அறையில் மட்டும் கொசு மிகுந்திருப்பதைக் கண்டு, காரணம் தேடினார். சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் கொசுப் புழுக்கள். கவிழ்த்துவிட்டார்; கொசு குறைந்தது. உணவுக் கூடத்தைச் சுற்றியுள்ள தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று படை அதிகாரி ஒருவரிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் கைவைப்பதாகும் என்று அவர் மறுத்துவிட்டாராம்!

அப்போது கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு ராசுக்கே தெரியாது. 1894-இல் லண்டனில் பாட்ரிக் மான்சன் அந்த ஐயத்தை அவர் மனத்தில் ஊன்றினார். செகந்திராபாத்தில் அவர் முதலில் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் தவறான கொசுக்கள். மனித மலேரியாக் கிருமி அவற்றில் வளராது. விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்று புழுக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 1897 ஆகஸ்ட் 20 அன்று, உசேன் கான் என்ற நோயாளியின் குருதியை உண்ட, இறக்கையில் புள்ளியுடைய அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைக் கொண்டு, கொசுக்கடி வழியே நோய் பரவுவதைக் காட்டினார். 1902-இல் நோபல் பரிசு.

பரிசைவிட, அவ்வாண்டில் எகிப்தின் இஸ்மாயிலியாவில் அவர் செய்த வேலையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நன்னீர்க் கால்வாய் வந்தபின் மலேரியா பெருகிய ஊர் அது. தேங்கிய குட்டைகளைத் தூர்த்தும் வடித்தும் எண்ணெய் ஊற்றியும் சில ஆண்டுகளில் நோயை ஏறக்குறைய ஒழித்தார்கள். ஆனால் லாகூரை அடுத்த மியான் மீரில் வேறு ஆய்வாளர்கள் இம்முறையை நடத்திப் பார்த்தபோது பலிக்கவில்லை. பாசன வாய்க்கால்களால் எங்கும் நீர். ஒரு குழியை மூடினால் இன்னொன்று. சோதனையே சரியில்லை என்று ராஸ் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார். என் எண்ணத்தில், பாலைவனத்து ஊரின் வெற்றியை நீர் மலிந்த நிலத்துக்கும் அப்படியே பொருத்தினார். 1908-இல் பஞ்சாபில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. மழை ஓய்ந்தபின் மூண்ட மலேரியாவில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மாண்டனர். விலைவாசி ஏறி மக்கள் பட்டினியால் நலிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பாயும் வெள்ளம் புழுக்களை அடித்துச் சென்றுவிடும். அது விட்டுச்செல்லும் நீரில்தான் தொல்லை. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழெட்டு முதல் பத்து நாள் போதும். பிறகு அது நோயாளியைக் கடிக்க வேண்டும். கிருமி அதன் உடலில் வளர வேண்டும். பிறரைக் கடிக்க வேண்டும். மூன்றாவது வாரத்தின் கணக்கு எனக்கு அப்போது விளங்கியது. டெங்குக் கொசுவின் முட்டையோ டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும்; நீர்மட்டம் ஏறி நனைந்தால் பொரியும்.

ராஸ் 1932-இல் இறந்தார். சென்ற விடுமுறையில் அவர் வழியைப் பின்பற்றி நான் டிரம்மைக் கவிழ்க்கப் போனேன். ஆயா குறுக்கே வந்து நின்றாள். குழாயில் நீர் என்று வரும் என்று தெரியாத ஊரில் நான்கு நாள் தண்ணீரைக் கொட்டுவதா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நீரைக் குடங்களுக்கு மாற்றி, டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் இருவரும் தேய்த்தோம். திரும்ப நிரப்பியதும் அவளே தன் பழைய சேலையைக் கிழித்து, அதன் வாயை இறுகக் கட்டினாள்.