ஹரோல்ட் ஜெஃப்ரீஸ்

சர் ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் (ஏப்ரல் 22, 1891 - மார்ச் 18, 1989) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் புவி இயற்பியலாளரும் ஆவார். போட்டியிடும் இரு அறிவியல் கோட்பாடுகளை நிகழ்தகவால் எடைபோடும் முறையை வகுத்தவர். புவியின் மையக்கரு திரவ நிலையில் இருப்பதை 1926 இல் எடுத்துக்காட்டியவரும் இவரே. (அதனுள் திண்மப் பகுதி ஒன்று இருப்பது 1936 இல் தெரியவந்தது.)

வாழ்க்கை

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் உள்ள ஃபேட்ஃபீல்டில் பிறந்தார். நியூகாசிலிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1914 இல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகி, இறக்கும்வரை 75 ஆண்டுகள் அவ்வாறே நீடித்தார். 1940 இல் இயற்பியலாளர் பெர்த்தா சுவைர்ல்சை மணந்தார். 1953 இல் சர் பட்டம் பெற்றார்.

கோட்பாடுகளை ஒப்பிடுதல்

டோரதி ரிஞ்சுடன் இணைந்து தொடங்கிய ஆய்வுகள் 1939 இல் நிகழ்தகவுக் கோட்பாடு என்னும் நூலாக முழுமை பெற்றன. முன்பே கொண்டிருந்த நம்பிக்கையைப் புதிய சான்றைக் கொண்டு திருத்துவதே பேய்ஸ் தேற்றம். கிடைத்த அளவீட்டை ஒவ்வொரு கோட்பாடும் எவ்வளவு நிகழ்தகவுடன் எதிர்பார்த்தது என்று கணக்கிட்டு, அவற்றின் விகிதத்தைக் காண வேண்டும். விகிதம் 10 ஐத் தாண்டினால் சான்று வலுவானது. 100 ஐத் தாண்டினால் முடிவானது என ஜெஃப்ரீஸ் வரையறுத்தார்.

புதன் கோளின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புகிறது. ஐன்ஸ்டைனின் கோட்பாடு இம்மதிப்பை எந்தச் சரிக்கட்டலும் இன்றித் தருகிறது. சூரியனருகே காணப்படாத பொருள் உள்ளதெனக் கொண்டால் நியூட்டன் விதியாலும் இதை விளக்கலாம். ஆனால் அப்பொருளின் அளவை மாற்றி 20 க்கும் 60 க்கும்கூட அவ்விளக்கத்தைப் பொருத்திவிடலாம். எதற்கும் வளைந்து கொடுக்கும் கோட்பாடு தன் நிகழ்தகவைப் பல விடைகளுக்குப் பங்கிட்டு இழக்கிறது. முன்நம்பிக்கையை எண்ணாக்குவது தன்னிச்சையானது என்று புள்ளியியலாளர் ஃபிஷர் இம்முறையை எதிர்த்தார்.

கண்டப்பெயர்ச்சி

கண்டங்களை நகர்த்தப் போதிய விசை இல்லை எனக் கருதிய ஜெஃப்ரீஸ், வெகனரின் கொள்கையை மறுத்தார். 1960களின் இறுதியில் பெரும்பாலான அறிஞர்கள் தட்டுப் புவிப்பொறையியலை ஏற்ற பின்னரும் இவர் இறுதிவரை இணங்கவில்லை. சான்றால் நம்பிக்கையைத் திருத்தும் கணிதத்தைத் தந்தவரே இவ்வாறு நின்றது வியப்புக்குரியது. ஆயினும் முன்நம்பிக்கை மிக உறுதியாக இருப்பின் சான்று மெல்லவே அதை அசைக்கும் என்பதும் அதே கணிதம்தான்.

தேனியும் நியூட்ரினோவும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க நடுவண் அரசு 2015 இல் ஒப்புதல் அளித்தது. புவியைத் துளைத்து வரும் நியூட்ரினோக்களை 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியால் அளப்பது திட்டம். மூவகை நிறைகளின் வரிசை இயல்பானதா, தலைகீழானதா என்பதே முதன்மைக் கேள்வி. இருப்பவை இரண்டே விடைகள் என்பதால் ஜெஃப்ரீசின் விகிதம் நேரடியாகப் பொருந்தும் இடம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்வளமும் காடும் பாதிக்கப்படும் என மக்கள் எதிர்த்தனர். அனுமதிக்க இயலாது என்று 2022 இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதே கேள்விக்கு விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 இல் தரவு திரட்டத் தொடங்கியது.