எழுத்தெண்ணிப் படித்தவர்

ஆழ்ந்து கற்றவரை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று போற்றுவது தமிழ் வழக்கு. அவ்வழக்கை உள்ளபடியே செய்து காட்டியவர் உருசியக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ். கதை இலக்கியத்தின் மொழியைக் கணிப்பொறியால் ஆராயும் துறைக்கு, கணிப்பொறி தோன்றுமுன்பே வித்திட்டவர்களுள் அவர் ஒருவர்.

1856இல் ரியசானில் பிறந்த மார்க்கோவ், பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செபிஷேவிடம் பயின்று, அங்கேயே பேராசிரியரானார். அந்நாளில் நெக்ராசோவ் என்னும் கணித அறிஞர், ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளில் மட்டுமே சராசரி நிலைபெறும் என்று கூறி, அதனை மனிதனின் விருப்புரிமைக்கே சான்றாக்கினார். மார்க்கோவ் இதனை ஏற்கவில்லை. ஒன்றையொன்று சார்ந்து தொடரும் நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறும் என 1906இல் நிறுவினார். அதற்குரிய எடுத்துக்காட்டை இலக்கியத்தில் தேடினார்.

அவர் தேர்ந்தது புஷ்கினின் செய்யுட் புதினமான யெவ்கேனி ஒனேகின். அதன் தொடக்கத்திலிருந்து 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 43 உயிர். ஆனால் ஓர் உயிரை அடுத்து மீண்டும் உயிர் வருவது நூற்றுக்கு 13 முறையே. மெய்யை அடுத்து உயிர் வருவதோ 66 முறை. ஒவ்வோர் எழுத்தும் தனக்கு முன்னதைச் சார்ந்தே நிற்கிறது என்பது இதனால் விளங்கிற்று. இம்முடிவை 1913இல் அறிவியற் கழகத்தில் அளித்தார். எம்மெய்யை எம்மெய் தொடரலாம் என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. எது எத்தனை முறை தொடர்கிறது என்று மார்க்கோவ் அளந்தார். பின்னர் அக்சாக்கோவின் உரைநடை நூலொன்றில் 1,00,000 எழுத்துகளையும் எண்ணினார்.

எண்ணியதாலேயே எல்லாம் அறிந்ததாக அவர் கருதவில்லை. சிறு சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியரை அடையாளம் காணலாம் என மரோசவ் 1915இல் எழுதியபோது, குறுகிய பகுதிகளை எண்ணிப் பெறும் முடிவு உறுதியற்றது என்று மறுத்தார். நூலாசிரியர் யார் என்று சிறு சொற்களால் துணியும் இன்றைய கணிப்பொறி ஆய்வுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். முன் சொற்களைக் கொண்டு அடுத்த சொல்லைக் கணிக்கும் கருவிகளும் அவர் வழி வந்தவையே.

அவர் அதிகாரத்துக்கு அஞ்சியவரல்லர். 1902இல் கார்க்கியின் கழகத் தேர்வு செல்லாதென அரசு அறிவித்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். டால்ஸ்டாயைத் திருச்சபை விலக்கியது போலத் தம்மையும் விலக்குமாறு 1912இல் தாமே வேண்டினார். 1917இல், பஞ்ச காலத்தில், சரைஸ்க் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஊதியமின்றிக் கணிதம் கற்பித்தார். 1922இல் மறைந்தார்.

கவிதையை எண்ணினால் அதன் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. மார்க்கோவ் எண்ணிய பின்னும் புஷ்கினின் பாட்டில் ஓர் எழுத்தும் குறையவில்லை. செவி முன்னரே உணர்ந்திருந்த ஒழுங்குக்கு ஓர் அளவு கிடைத்தது. அவ்வளவில் அடங்காத பொருளைச் சொல்வது இன்றும் கவிஞரின் கடனாகவே இருக்கிறது.